அசோஸ்பைரில்லம் ஏன் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறது?

போன குறுவையில் பக்கத்து வயல்காரத் தம்பி ஒருவர் என் வரப்பில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் சுரத்தில்லை.

"சார், நீங்க சொன்னீங்கன்னு ஏக்கருக்கு நாலு பாக்கெட் அசோஸ்பைரில்லம் வாங்கிப் போட்டேன். ஒரு வித்தியாசமும் தெரியலையே. உயிர் உரம்னு சொல்றதெல்லாம் சும்மாதான் போலிருக்கு."

"அது கூட வேற என்ன போட்டீங்க தம்பி?"

"வழக்கமா போடறதுதான். நட்டு அஞ்சாம் நாள் ஒரு மூட்டை யூரியா."

"அப்ப ஆளை வேலைக்குக் கூப்பிட்டுட்டு, வரப்பு ஏறும்போதே வயிறு முட்டச் சோத்தைப் போட்டுப் படுக்கச் சொல்லிட்டீங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இதே தப்பை நான் ஓய்வு பெற்று வந்த முதல் வருஷம் ஒன்பது மா நிலத்திலும் செய்தவன். அன்றைக்கு நானும் "உயிர் உரம் ஏமாத்து" என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் இந்தக் கட்டுரை.

நான் பி.காம். படித்தவன். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் இருந்தேன். வேதியியல் எனக்கு எட்டாத பாடம். நுண்ணுயிரியல் படித்த என் அக்கா மகளிடம், "ஏம்மா, யூரியா போட்டா இந்தப் பாக்டீரியா செத்துப் போயிடுதா?" என்று ஒரு நாள் கேட்டேன். அவள் சொன்ன பதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது: "சாகறதில்லை மாமா. அதோட நொதிமேல அதுவே ஒரு முத்திரை குத்தி நிறுத்தி வச்சுடுது. உங்க பாங்க்ல கணக்கை முடக்கி வைப்பீங்களே, அது மாதிரி."

கணக்கை முடக்குவது எனக்குத் தெரிந்த தொழிலாச்சே! அங்கிருந்து பிடித்துக்கொண்டு படித்தேன். படித்ததை உழவர் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன்.

தலைக்கு மேல் பணம், கையில் காசில்லை

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். அதைத்தான் நாம் தழைச்சத்து என்கிறோம். ஒரு ஏக்கர் நிலத்துக்கு மேலே நிற்கும் காற்றை மட்டும் எடை போட்டால் அதில் முப்பதாயிரம் டன்னுக்கு மேல் நைட்ரஜன் இருக்கிறது. ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் நைட்ரஜன் 46 சதவீதம், அதாவது 20 கிலோ 700 கிராம். தலைக்கு மேல் முப்பதாயிரம் டன் இருக்க, இந்த இருபது கிலோவுக்காக நாம் கடை வாசலில் ஆதார் அட்டையோடு வரிசையில் நிற்கிறோம்.

ஏன்? காற்றில் உள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்கின்றன. மூன்று பிணைப்புகளால் இறுகிய பிடி அது. பயிருக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. உரத் தொழிற்சாலை அதைப் பிரிக்க 400 டிகிரிக்கு மேல் சூடும், காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் அழுத்தமும் கொடுக்கிறது. அதே வேலையை அசோஸ்பைரில்லம், அசட்டோபாக்டர், ரைசோபியம் போன்ற சில நுண்ணுயிர்கள் நம் வயல் மண்ணின் சாதாரணச் சூட்டிலேயே செய்கின்றன. அவற்றிடம் இருக்கும் கருவியின் பெயர் நைட்ரஜனேஸ். இது ஒரு நொதி.

நொதி என்றால் என்ன? தோசை மாவு புளிப்பதும், பால் தயிராவதும், வைக்கோல் மக்குவதும் நொதிகளால்தான். நொதி என்பது ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் புரதம். தான் தேயாமல் மற்ற பொருளை மாற்றும். அரிவாள் நெல்லை அறுக்கிறது. அதனால் அரிவாள் நெல்லாகிவிடுவதில்லை. அது போலத்தான்.

நைட்ரஜனேஸ் இரண்டு பகுதிகள் கொண்டது. ஒன்று இரும்புப் புரதம். இது மின்னணுக்களை எடுத்து வந்து கொடுக்கும் சிற்றாள். மற்றொன்று இரும்பும் மாலிப்டினமும் சேர்ந்த பெரிய புரதம். இதுதான் நைட்ரஜனைப் பிளக்கும் கொத்தனார். சிற்றாள் கல் எடுத்துக் கொடுத்தால்தான் கொத்தனார் சுவர் வைக்க முடியும்.

இந்த வேலைக்குக் கூலி அதிகம். செல்லுக்குள் நடமாடும் சக்திப் பணத்துக்கு ஏ.டி.பி. என்று பெயர். ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிளந்து இரண்டு அம்மோனியா ஆக்க 16 ஏ.டி.பி. செலவாகிறது. இவ்வளவு செலவு பிடிக்கிற இயந்திரத்தைத் தேவையில்லாத நேரத்தில் எந்த உயிராவது ஓடவிடுமா? வாசலில் அம்மோனியா இலவசமாக வந்து கொட்டிக் கிடக்கும்போது, 16 ரூபாய் செலவு செய்து அதையே உள்ளே தயாரிக்குமா? பாக்டீரியா கணக்கில் கெட்டி. உடனே இயந்திரத்தை நிறுத்திவிடுகிறது.

கணக்கை மூடுவதும் முடக்குவதும்

நிறுத்துவதற்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று, இருக்கிற நொதியை அழித்துவிட்டு, புதிதாகச் செய்வதையும் நிறுத்திவிடுவது. இது கணக்கை மூடுவது போல. திரும்பத் தேவைப்பட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நைட்ரஜனேஸ் பெரிய புரதம். மறுபடி செய்யச் செலவும் அதிகம், நேரமும் அதிகம்.

இரண்டாவது, நொதியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் ஒரு சின்ன வேதிப்பொருளை ஒட்டி வேலை செய்ய முடியாமல் ஆக்குவது. இது கணக்கை முடக்கி வைப்பது. பணம் அப்படியே இருக்கும். எடுக்க முடியாது, அவ்வளவுதான். உத்தரவு வந்தால் ஒரு நொடியில் விடுவித்துவிடலாம்.

உயிர்கள் பெரும்பாலான அவசர முடிவுகளை இந்த இரண்டாவது வழியில்தான் எடுக்கின்றன. இதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வேலை செய்த எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும். 1950-களின் நடுவில், தசையில் சேமித்து வைத்த மாவுப்பொருளை உடைக்கும் ஒரு நொதியை ஆராய்ந்தார்கள். அதன் மேல் ஒரு பாஸ்பேட் துண்டு ஒட்டினால் நொதி விழித்துக்கொள்கிறது. பாஸ்பேட்டைப் பிய்த்து எடுத்தால் தூங்கிவிடுகிறது. ஒட்டுவதற்கு ஒரு நொதி, எடுப்பதற்கு இன்னொரு நொதி. மாடு மிரண்டு ஓடி வந்தால் நாமும் ஓடுகிறோமே, அந்த நேரத்தில் தசைக்குச் சக்கரை கிடைப்பது இந்த ஒட்டல் வேலையால்தான். இந்தக் கண்டுபிடிப்புக்கு 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது. மனித உடம்பில் பாஸ்பேட் ஒட்டும் நொதிகள் மட்டும் ஐந்நூறுக்கு மேல் உண்டு என்று இப்போது தெரியும்.

ஒட்டப்படும் பொருள் எப்போதும் பாஸ்பேட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வங்கியில் ரப்பர் முத்திரை எத்தனை விதமோ, அத்தனை விதம் செல்லிலும் உண்டு.

101-ஆவது இடத்தில் ஒரு முத்திரை

இப்போது நம் அசோஸ்பைரில்லத்துக்கு வருவோம்.

இதன் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹாலந்து நாட்டு பெய்ஜரிங்க் 1925-லேயே இதை வேறு பெயரில் குறிப்பிட்டிருக்கிறார். பிறகு ஐம்பது வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிரேசிலில் ஜொஹானா டோபரைனர் என்ற அம்மையார் 1970-களில் புல்வகைப் பயிர்களின் வேரில் இதை மறுபடி கண்டெடுத்து, உலகத்துக்குத் தெரிய வைத்தார். 1978-இல் அவரும் சகாக்களும் வைத்த பெயர்தான் அசோஸ்பைரில்லம். பிரேசில் சோயாவுக்குத் தழைச்சத்து உரம் போடாமல் ரைசோபியத்தை நம்பியதிலும் அந்த அம்மையாருக்குப் பெரிய பங்கு உண்டு.

அம்மோனியா வந்தால் நைட்ரஜன் பிடிக்கும் வேலை சட்டென்று நிற்பதை முதலில் கவனித்தது வேறொரு பாக்டீரியாவில். ரோடோஸ்பைரில்லம் என்ற, வெளிச்சத்தில் வாழும் சிவப்புப் பாக்டீரியா அது. 1970-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பர்ரிஸும் அவருடைய மாணவர் பால் லட்டனும் இதைத் துருவினார்கள். நின்றுபோன நொதியை எடுத்து, அதே பாக்டீரியாவிலிருந்து பிரித்த இன்னொரு புரதத்தைச் சேர்த்தபோது அது மறுபடி உயிர் பெற்றது. அப்படியானால் அது அழியவில்லை, எதனாலோ பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டு என்ன என்பது பிறகு 1980-களில் தெளிவானது. அசோஸ்பைரில்லத்திலும் இதே ஏற்பாடு இருப்பது பின்னால் உறுதியானது.

நடப்பது இதுதான். இரும்புப் புரதம் என்ற சிற்றாள் ஒரே மாதிரியான இரண்டு பாதிகளால் ஆனவர். ஒவ்வொரு பாதியும் முந்நூறுக்குச் சற்றுக் குறைவான அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அந்த மாலையில் 101-ஆவது மணி அர்ஜினின் என்ற அமினோ அமிலம். சிற்றாள் கொத்தனாரோடு கைசேர்த்து மின்னணுவைக் கொடுக்கும் இடம் இதன் பக்கத்தில்தான். அம்மோனியா வந்த சேதி கிடைத்ததும், டிராட் என்ற நொதி ஒரு முத்திரையை எடுத்து அந்த அர்ஜினின் மேல் ஒட்டிவிடுகிறது. முத்திரையின் பெயர் ஏ.டி.பி.-ரைபோஸ். இரண்டு பாதியில் ஒன்றில் ஒட்டினாலே போதும். சிற்றாளால் கொத்தனாரிடம் நெருங்க முடியாது. சுவர் வேலை நின்றது. இவ்வளவும் நடக்கச் சில நிமிஷங்கள் போதும்.

அம்மோனியா தீர்ந்துபோனதும், டிராக் என்ற இன்னொரு நொதி வந்து அந்த முத்திரையைச் சுரண்டி எடுத்துவிடுகிறது. சிற்றாள் பழையபடி வேலைக்கு வந்துவிடுகிறார். ஒரு கை ஒட்டுகிறது, ஒரு கை எடுக்கிறது.

சேதி எப்படிப் போகிறது என்பதும் பார்க்க வேண்டிய விஷயம். செல்லின் தோலில் அம்மோனியம் உள்ளே நுழைய ஒரு வாசல் இருக்கிறது. செல்லுக்குள் சுற்றும் தகவல் புரதங்கள் சில உண்டு. தழைச்சத்துப் பஞ்சம் இருக்கும்போது அவற்றின் மேலும் ஒரு முத்திரை ஒட்டியிருக்கும். வளம் வந்ததும் அந்த முத்திரை கழன்றுவிடும். முத்திரை கழன்ற தகவல் புரதங்களில் ஒன்று டிராட்டைத் தட்டி எழுப்புகிறது. இன்னொன்று அந்த வாசலில் போய் ஒட்டிக்கொண்டு, டிராக்கையும் பிடித்து அங்கேயே உட்கார வைத்துவிடுகிறது. அதாவது, முத்திரை குத்துபவர் மேஜைக்கு வந்துவிட்டார்; முத்திரை எடுப்பவரை வாசல் காவலுக்கு அனுப்பியாகிவிட்டது. எங்கள் தலைமை அலுவலகத்தில்கூட இவ்வளவு ஒழுங்காகச் சுற்றறிக்கை போய்ச் சேர்ந்து நான் பார்த்ததில்லை.

அம்மோனியம் நிறைய, நீண்ட நேரம் இருந்தால் பாக்டீரியா அடுத்த படிக்குப் போகிறது. புதிய நைட்ரஜனேஸ் செய்வதையே நிறுத்திவிடும். முதலில் முடக்கம், பிறகு மூடல்.

யூரியா வயலில் என்ன ஆகிறது?

யூரியாவை மண்ணில் போட்டால், மண்ணில் உள்ள யூரியேஸ் என்ற நொதி அதைச் சில நாட்களில் அம்மோனியமாக்கிவிடுகிறது. நட்டு ஐந்தாம் நாள் ஒரு மூட்டை என்றால், இளவேர் பரவத் தொடங்கி, அசோஸ்பைரில்லம் அந்த வேரில் குடியேற வேண்டிய நேரத்தில் இருபது கிலோ நைட்ரஜன் வந்து இறங்குகிறது. பாக்டீரியா சாகவில்லை. பட்டினியும் இல்லை. முத்திரை குத்திவிட்டுச் சும்மா இருக்கிறது. அது நம் மேல் கோபம் கொண்டு செய்வதல்ல. தன் குடும்பச் செலவைப் பார்த்துச் செய்வது. நாம் என்ன செய்தோம்? பாக்கெட்டுக்கும் காசு கொடுத்தோம், மூட்டைக்கும் காசு கொடுத்தோம். ஒன்று இன்னொன்றை நிறுத்தி வைத்தது.

அசோஸ்பைரில்லத்தால் வேறு பலனும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது வேர் வளர்ச்சிக்கான ஊக்கியைச் சுரக்கிறது. பக்கவேர்களும் வேர்த்தூவிகளும் கூடும். ஆனால் பாக்கெட் வாங்குகிறவர்கள் எதிர்பார்ப்பது காற்றுத் தழைச்சத்தைத்தானே?

பாக்கெட் பலன் தராமல் போவதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தேதி முடிந்த பாக்கெட், வெயிலில் கிடந்த பாக்கெட், மக்கே இல்லாத மண் என்று பல உண்டு. ஆனால் எல்லாம் சரியாக இருந்தும் யூரியா பக்கத்தில் இருந்தால் நொதி ஓடாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயறுவகையில் ஏற்பாடு வேறு. அங்கே ரைசோபியம் வேர்முடிச்சுக்குள் செடியின் பாதுகாப்பில் இருக்கிறது. செய்த அம்மோனியாவைச் செடி உடனுக்குடன் வாங்கிக்கொள்கிறது. ஆனால் மண்ணில் நைட்ரேட் ஏராளமாக இருந்தால் செடியே முடிச்சு வைப்பதைக் குறைத்துவிடும். உளுந்தைப் பிடுங்கி, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வழி வேறு, கணக்கு ஒன்றுதான்.

கோமியமும் யூரியாதானே?

இந்த இடத்தில் நம் ஆட்கள் சிலர், "அதுக்குத்தான் சார் ரசாயனம் வேண்டாங்கறோம்" என்று மார்தட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். பாக்டீரியாவுக்கு அம்மோனியம் மூட்டையிலிருந்து வந்ததா, மாட்டுக் கோமியத்திலிருந்து வந்ததா என்று பார்க்கத் தெரியாது. எங்கிருந்து வந்தாலும் முத்திரை ஒன்றுதான். கோமியத்திலும் யூரியா இருக்கிறது.

அப்போ ஜீவாமிர்தம் கூடாதா? வங்கிக்காரன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் கோமியம் அதிகபட்சம் 10 லிட்டர். கோமியத்தில் நைட்ரஜன் சுமார் ஒரு சதவீதம். ஆக, 100 கிராம். ஒரு மூட்டை யூரியாவின் 20 கிலோ 700 கிராமோடு ஒப்பிட்டால் இருநூறில் ஒரு பங்கு. இது ஒரு பொருட்டே இல்லை. தாராளமாகக் கொடுங்கள்.

ஆனால் கோழி எருவை டன் கணக்கில் பச்சையாகக் கொட்டுவது, சாண எரிவாயுக் கலனிலிருந்து வரும் கழிவை அப்படியே பாய்ச்சுவது இதெல்லாம் வேறு கதை. இவற்றில் உடனே கிடைக்கும் அம்மோனியம் அதிகம். தப்பு என்று சொல்லவில்லை, நல்ல உரம்தான். ஆனால் அதே நாளில் அசோஸ்பைரில்லத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டுப் பலனை எதிர்பார்க்கக் கூடாது. நன்றாக மக்கிய தொழுவுரம், மண்புழு உரம் ஆகியவை தழைச்சத்தை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. மாதச் சம்பளம் மாதிரி. பாக்டீரியாவுக்கும் வேலை மிச்சம் இருக்கும்.

எடுக்க ஆளில்லாத முத்திரை

முத்திரை குத்துவது மட்டும் நடந்து, எடுக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் நம் வயலிலேயே உதாரணம் இருக்கிறது.

நம் நரம்புகளில் ஒரு சேதி போனதும் அந்தச் சேதிப்பொருளை உடனே உடைத்துத் துடைக்க ஒரு நொதி இருக்கிறது. அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்று பெயர். பூச்சிக்கும் உண்டு, மனிதனுக்கும் உண்டு. மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் விஷங்கள் இந்த நொதியின் முக்கியமான இடத்தில் ஒரு பாஸ்பரஸ் துண்டை ஒட்டிவிடுகின்றன. ஃபிஷரும் கிரெப்ஸும் பார்த்த பாஸ்பேட் ஒட்டலுக்கு இது ஒன்றுவிட்ட உறவு. வித்தியாசம் என்ன? அங்கே எடுக்க ஒரு நொதி காத்திருந்தது. இங்கே யாரும் இல்லை. சேதிப்பொருள் தேங்குகிறது, நரம்பு விடாமல் துடிக்கிறது. பூச்சி இழுத்துக்கொண்டு சாகிறது. மருந்தடிக்கிற கூலியாள் வாயில் நுரை தள்ளி விழுகிறார்.

ஆஸ்பத்திரியில் அட்ரோபினோடு சேர்த்து பிராலிடாக்சிம் என்று ஒரு ஊசி போடுவது இந்த முத்திரையைப் பிய்த்து எடுக்கத்தான். நேரமாகிவிட்டால் ஒட்டிய துண்டு மேலும் இறுகிவிடும். பிறகு அந்த ஊசியாலும் எடுக்க முடியாது. உடம்பு புதிய நொதியைச் செய்துகொள்ளும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கடன் கொடுத்த காலத்தில், மருந்தடித்து மயங்கி விழுந்தவரை மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது. மருந்து வாசம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். மருந்தடித்தவருக்கு வியர்த்துக் கொட்டி, எச்சில் வடிந்து, கண்மணி சுருங்கினால் மோர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். உடனே துணியை மாற்றி, உடம்பைக் கழுவி, மருந்து டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்று. ஒட்டுவதும் எடுப்பதும் சேர்ந்திருந்தால் அது நிர்வாகம். ஒட்டுவது மட்டும் இருந்தால் அது விஷம்.

வயலில் என்ன செய்யலாம்?

நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும், மேலே சொன்ன விஷயத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாவது, பாக்கெட்டில் இருப்பது உயிர். தேதி பார்த்து வாங்குங்கள். வண்டியின் டேங்க் மேல் வெயிலில் வைத்து எடுத்து வராதீர்கள். சாம்பல், பூஞ்சைக்கொல்லி, ரசாயன உரம் எதோடும் கலக்காதீர்கள்.

இரண்டாவது, நடவு வயலுக்கு ஹெக்டேருக்கு 10 பாக்கெட், அதாவது 2 கிலோ. ஏக்கருக்கு நாலு. நன்றாக மக்கிய தொழுவுரத்தோடு மண்ணும் கலந்து, நிழலில் வைத்து, சாயங்காலம் தூவுங்கள். நாற்றின் வேரை அசோஸ்பைரில்லம் கரைசலில் நனைத்து நடுவது இன்னும் நல்லது. வேருக்கே நேராகப் போய்ச் சேரும்.

மூன்றாவது, அதற்குச் சோறு வேண்டும். ஒரு நைட்ரஜனுக்கு 16 ஏ.டி.பி. என்றேனே, அந்தச் சக்தி எங்கிருந்து வரும்? வேர் கசியவிடும் சர்க்கரையிலிருந்தும் மண்ணில் உள்ள மக்கிலிருந்தும்தான். மக்கில்லாத மண்ணில் பாக்கெட் போடுவது, டீசல் இல்லாமல் டிராக்டர் வாங்கி நிறுத்துவது மாதிரி. தக்கைப்பூண்டு, சணப்பை விதைத்து மடக்கி உழுங்கள். நெல்லுக்கு வேண்டிய தழைச்சத்தின் பெரும்பகுதி பசுந்தாளிலிருந்துதான் வர வேண்டும். பாக்கெட் மட்டுமே முழுச் சோறு போடாது. அது கூடுதல் வருமானம், அவ்வளவுதான்.

நான்காவது, தண்ணீர். ஆக்சிஜன் அதிகமானால் நைட்ரஜனேஸ் கெட்டுவிடும்; ஆக்சிஜன் அடியோடு இல்லாமல் போனாலும் அசோஸ்பைரில்லம் அதே முத்திரையைக் குத்திவிடுகிறது. அதற்கு வேண்டியது கொஞ்சூண்டு காற்று. நம் பெரியவர்கள் சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும் வேருக்கும் நல்லது, வேரோடு வாழ்கிற உயிருக்கும் நல்லது.

ஐந்தாவது, யூரியாவை இந்த வருஷமே அடியோடு விட முடியாதவர்களுக்கு. நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் முதல் வருஷம் சட்டென்று நிறுத்தியபோது விளைச்சல் குறைந்தது, அதை மறைக்கவில்லை. ஒன்று செய்யுங்கள். நட்டவுடன் பழக்கதோஷத்தில் போடும் அந்த முதல் மூட்டையை நிறுத்துங்கள். இலை வண்ண அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, இலை வெளுத்தால் மட்டும் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரு மா நிலத்தை மட்டும் யூரியா இல்லாமல் பசுந்தாளும் பாக்கெட்டுமாக விட்டு, பக்கத்து மாவோடு செலவையும் வரவையும் எழுதிப் பாருங்கள். நெல் மூட்டையை மட்டும் பார்க்காமல் செலவையும் சேர்த்து எழுதுங்கள்.

விடுபட்ட ஒரு வரி

கடைசியாக ஒரு விஷயம். நான் பயிர்க்கடன் கொடுத்த காலத்தில், ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு அட்டவணை இருக்கும். விதைக்கு ஒரு வரி, உரத்துக்கு ஒரு வரி, மருந்துக்கு ஒரு வரி, கூலிக்கு ஒரு வரி. காற்றிலிருந்து வருகிற தழைச்சத்துக்கு வரி கிடையாது. விலை இல்லாததற்குக் கடன் எதற்கு? வரி இல்லாததால் அப்படி ஒன்று இருப்பதாகவே என் போன்றவர்கள் நினைக்கவில்லை. "உரம் வாங்கின பில் எங்கே?" என்று கேட்டு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாடு கட்டி, எரு அடித்து, பசுந்தாள் மடக்கி உழுத ஒரு பெரியவரையும் அப்படித்தான் அனுப்பினேன். அவர் உர பில் வாங்கிக்கொண்டு வந்தார். கூடவே உரத்தையும் வாங்கித்தானே ஆக வேண்டும்? அவர் வயலில் ஓடிக்கொண்டிருந்த நொதிகளின் மேல் முத்திரை விழுந்ததில் என் கையெழுத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

நல்ல வேளை, இது முடக்கம்தான், மூடல் இல்லை. அம்மோனியம் தீர்ந்ததும் டிராக் வாசலை விட்டு வந்து முத்திரையைச் சுரண்டிவிடும். அதற்கு யாரும் மனு எழுத வேண்டியதில்லை. நாம் கொட்டுவதை நிறுத்தினால் போதும்.

பக்கத்து வயல் தம்பி இந்தச் சம்பாவுக்குத் தக்கைப்பூண்டு விதைத்திருக்கிறார். ஒரு மாவில் மட்டும் யூரியா போடாமல் பார்க்கிறேன் என்றிருக்கிறார். மீதி மாவுக்கு வழக்கம்போலத்தான். பரவாயில்லை. வரவு செலவு எழுத நானே ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.